பைக்குள் பை வைக்கலாமா?

போன இதழில் மந்திரப் பொருள்களைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே சங்கடத்தைச் சொல்கின்றன. ஒரு பொருளின் விதியைத் தனியாகப் படித்தால் புரிகிறது. இரண்டு பொருள் ஒரே ஆளிடம் வந்துவிட்டால் மேசையில் சண்டை. ஆகவே இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டம். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு கேரக்டரை எடுத்துக்கொண்டு, பேசியே கதையை நகர்த்துவார்கள். சந்தேகமான காரியம் என்றால் பகடை உருட்டுவார்கள். கதையை நடத்தி, விதி என்ன சொல்கிறது என்று தீர்ப்புச் சொல்பவர் டிஎம், அதாவது டன்ஜன் மாஸ்டர். தோ பாயோவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சனிக்கிழமை மாலைகளில் நான் அந்த வேலையைச் செய்கிறேன். மற்ற நாள்களில் மருந்தாளர். நாங்கள் ஆடுவது 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு. 2024-இல் திருத்திய விதிகளும் வந்துவிட்டன. வேறு மாதிரி சொல்லாதவரை இங்கே நான் பேசுவது 2014 விதிகளைத்தான்.

கேள்வி: அக்கா, என் கேரக்டரிடம் ரிங் ஆஃப் புரொடெக்‌ஷனும் இருக்கிறது, குளோக் ஆஃப் புரொடெக்‌ஷனும் இருக்கிறது. இரண்டுமே ஏசிக்கு ஒன்று கூட்டும். எங்கள் டிஎம், ஒரே மாதிரிப் பலன் இரண்டு தடவை சேராது என்கிறார். யார் சொல்வது சரி?
(மாணவர், ஈசூன்)

தம்பி, ஐந்தாம் பதிப்பு என்றால் இரண்டும் சேரும். ஏசி என்பது எதிரி உங்களை அடிக்கப் பகடையில் எட்டவேண்டிய எண். நீங்கள் சங்கிலிக் கவசம் போட்டால் 16. கேடயம் பிடித்தால் 18. மோதிரம் மாட்டினால் 19. மேலங்கியும் போர்த்தினால் 20. சேவிங் த்ரோ, அதாவது ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் பகடை, எல்லாவற்றுக்கும் அதே போல இரண்டு கூடும்.

உங்கள் டிஎம் பழைய ஆட்டக்காரராக இருப்பார் என்று நினைக்கிறேன். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் கூட்டல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை உண்டு. மோதிரம் தருவது ஒரு வகை, கவசம் தருவது ஒரு வகை, தோலைத் தடிப்பாக்கும் தாயத்து தருவது இன்னொரு வகை. வகை வேறாக இருந்தால் சேரும். ஒரே வகையில் இரண்டு வந்தால் பெரியது மட்டும் நிற்கும், ஓரிரு வகைகளுக்கு மட்டும் விலக்கு. அவர் மனத்தில் இருப்பது அந்தக் கணக்குதான்.

எனக்கு அந்தப் பழைய முறை கையோடு ஒட்டிய ஒன்று. மருந்துக் கவுண்டரில் தினமும் பார்ப்பதுதான்: காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை, சளிக்கு வேறு பெயரில் இன்னொரு மாத்திரை வாங்குவார்கள். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் இரண்டிலும் பாராசிட்டமால். பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்ச வரம்பு 4 கிராம். அதனால் பெயரை விட்டுவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது எனக்கு ஊறிப்போன பழக்கம். மூன்றாம் பதிப்பு அப்படித்தான் பார்க்கிறது. ஐந்தாம் பதிப்பு அட்டையின் பெயரைத்தான் பார்க்கிறது. ஒரே பெயருள்ள இரண்டு விளைவுகள் ஒருவர்மேல் ஒரே நேரத்தில் இருந்தால், வலுவான ஒன்று மட்டும் வேலை செய்யும். பெயர் வேறு என்றால், பொருள் தனக்கென்று ஒரு தடை சொல்லாதவரை, இரண்டும் வேலை செய்யும். இந்த மாற்றத்துக்குப் பழக எனக்கு நாளானது. இப்போது இதுதான் மேசைக்கு நல்லது என்று நம்புகிறேன். பதினான்கு வயதுப் பிள்ளை ஒருவனால் தன் தாளைப் பார்த்துத் தானே கூட்டிக்கொள்ள முடிகிறது.

அப்புறம், இரண்டு ரிங் ஆஃப் புரொடெக்‌ஷன் கிடைத்தால் இரண்டு கைவிரலிலும் மாட்டலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். முடியாது. அந்த மோதிரத்துக்கு அட்யூன்மென்ட் வேண்டும், பொருளும் ஆளும் ஒன்றோடொன்று பழகிக்கொள்வது. ஒரே பொருளின் இரண்டு பிரதிகளோடு ஒருவர் பழக முடியாது. மொத்தமே மூன்று பொருளுக்குத்தான் இடம் உண்டு. மோதிரமும் மேலங்கியும் சேர்ந்து அதில் இரண்டைப் பிடித்துக்கொள்கின்றன என்பதையும் மறக்கவேண்டாம்.

கேள்வி: மங்க் ஒருவர் மேஜ் ஆர்மர் மந்திரத்தையும் ப்ரேஸர்ஸ் ஆஃப் டிஃபென்ஸையும் சேர்த்துப் பயன்படுத்தலாமா? பார்பேரியனுக்கு அந்த ப்ரேஸர்ஸ் தேவையா?
(வாசகர், சுவா சூ காங்)

புதியவர்களுக்கு: மங்க் என்பவர் கவசமில்லாமல் சண்டையிடும் துறவி, பார்பேரியன் முரட்டு வீரர், ப்ரேஸர்ஸ் மணிக்கட்டுக் காப்பு. ஏசியில் இரண்டு விதமான வாக்கியம் உண்டு. "உன் ஏசி இவ்வளவு" என்று அடித்தளம் போடுவது ஒன்று. "உன் ஏசிக்கு இவ்வளவு கூட்டு" என்பது இன்னொன்று. அடித்தளம் ஒன்றுதான் இருக்க முடியும், பிடித்ததைத் தேர்ந்தெடுக்கலாம். கூட்டல்கள் அதன்மேல் ஏறும்.

உங்கள் மங்க்கின் டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 16, விஸ்டம் (விவேகம்) 14 என்று வைத்துக்கொள்வோம். முதலாவதால் கூடுவது 3, இரண்டாவதால் 2. அவருடைய சொந்தக் கணக்கு 10, 3, 2 சேர்ந்து 15. மேஜ் ஆர்மர் போட்டால் 13, 3 சேர்ந்து 16. இந்த இரண்டையும் கூட்டக்கூடாது, 16-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ப்ரேஸர்ஸ் கேட்பது கவசம் போடக்கூடாது, கேடயம் பிடிக்கக்கூடாது என்ற இரண்டையும்தான். மேஜ் ஆர்மர் மந்திரம்தானே, உடம்பில் மாட்டிய கவசம் இல்லையே. ஆகவே இன்னும் இரண்டு கூடி 18.

பார்பேரியனுக்கு நான் கொடுக்கமாட்டேன், அவர் இரண்டு கையாலும் கோடரி வீசுகிறவராக இருந்தால் தவிர. கேடயமும் இரண்டு கூட்டும், ப்ரேஸர்ஸும் இரண்டு கூட்டும், இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. சாதாரணக் கேடயம் கடையில் கிடைக்கும், அட்யூன்மென்ட் இடத்தையும் பிடிக்காது.

கேள்வி: கான்ட்லெட்ஸ் ஆஃப் ஓகர் பவர் போட்டு, மேலே பெல்ட் ஆஃப் ஹில் ஜயன்ட் ஸ்ட்ரெங்த்தையும் கட்டினால் ஸ்ட்ரெங்த் எவ்வளவு ஆகும்? 40 என்கிறான் நண்பன்.
(உயர்நிலை 3 மாணவி, உட்லண்ட்ஸ்)

இல்லைம்மா, 21. கையுறையின் வாக்கியம் "உன் ஸ்ட்ரெங்த் 19" என்கிறது. பெல்ட்டின் வாக்கியம் "21" என்கிறது. இரண்டிலுமே "கூட்டு" என்ற சொல் இல்லை. பெல்ட்டைக் கட்டிய பிறகு கையுறைக்கு வேலையே இல்லை, 19-க்குக் கீழே இருப்பவருக்குத்தான் அது உதவும். வேலை செய்யாமலேயே ஓர் அட்யூன்மென்ட் இடத்தையும் தின்றுகொண்டிருக்கும்.

இந்தக் கையுறை எங்கள் மேசையில் கிடைத்தபோது எல்லாரும் அதை ஃபைட்டரிடம் நீட்டினார்கள். பலசாலிக்குப் பலம் தரும் பொருள், இயல்புதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபைட்டரின் ஸ்ட்ரெங்த் 16, பகடையில் அவருக்குக் கூடுவது 3. கையுறை போட்டால் 4. ஒரே ஒரு புள்ளிக்காக மூன்றில் ஓர் இடம். பிறகு லெவல் ஏறி அவர் தன் சொந்த ஸ்ட்ரெங்த்தை 18 ஆக்கினாலும் கையுறை 19-இலேயே நிற்கும், அவர் பாடுபட்டது கண்ணுக்குத் தெரியாது. 20 ஆக்கினாலோ கையுறை வெறும் தோல். எங்கள் கிளரிக்கின், அதாவது குழுவின் பூசாரியின், ஸ்ட்ரெங்த் 10, கூடுவது பூஜ்யம். அவருக்குக் கொடுத்தால் ஒரே தாவலில் 4. கடைசியில் அவருக்குத்தான் கொடுத்தார்கள். கனமான கதவுகளை அன்றிலிருந்து அவர்தான் தள்ளித் திறக்கிறார், அதில் அவருக்கு இன்றும் பெருமை.

கேள்வி: என்னிடம் ஃபிளேம் டங் வாள் இருக்கிறது. மந்திரவாதித் தோழர் அதன்மேல் மேஜிக் வெப்பன் மந்திரம் போட்டால் இன்னும் பலம் கூடுமா? பிளஸ் ஒன் வில்லில் பிளஸ் டூ அம்பு தொடுத்தால்?
(தேசிய சேவையாளர், புக்கிட் பாத்தோக்)

வாளுக்கு முடியாது. மேஜிக் வெப்பன் மந்திரத்தின் முதல் வாக்கியத்தைப் பாருங்கள், மந்திரசக்தி இல்லாத ஓர் ஆயுதத்தைத் தொடவேண்டும் என்றுதான் அது தொடங்குகிறது. ஃபிளேம் டங் ஏற்கெனவே மந்திர வாள். தீயை எழுப்பாமல் சும்மா உறையில் கிடந்தாலும் அது மந்திர வாள்தான். அந்த மந்திரத்தை உங்கள் குழுவில் சாதாரண ஆயுதம் வைத்திருப்பவருக்குப் போடச் சொல்லுங்கள். முதல் வாக்கியத்தைத் தாண்டி நேராகப் பலனுக்குப் போய்விடுவதால்தான் மேசையில் பாதிச் சண்டை வருகிறது.

வில்லுக்கும் அம்புக்கும் ஐந்தாம் பதிப்பில் தடை ஒன்றும் எழுதவில்லை. வில்லின் ஒன்றும் அம்பின் இரண்டும் சேர்ந்து மூன்று. இலக்கில் பட்டதும் அம்பின் மந்திரம் தீர்ந்துவிடும், வில்லின் மந்திரம் அப்படியே இருக்கும். மூன்றாம் பதிப்பின் 2003 திருத்தத்தில் இதே கேள்விக்கு விடை இரண்டுதான், அங்கே வில், அம்பு இரண்டில் பெரியது மட்டும் எண்ணப்படும். முகாமில் உங்களோடு ஆடுகிறவர்கள் எந்தப் பதிப்பிலிருந்து வந்தவர்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேக் ஆஃப் ஹோல்டிங்கை ஹேண்டி ஹேவர்சாக்குக்குள் வைத்தால் உண்மையிலேயே வெடிக்குமா? ஒரு பேக் ஆஃப் ஹோல்டிங்குக்குள் இன்னொன்று? சாதாரணப் பெட்டிக்குள் வைக்கலாமா? ரோப் ட்ரிக் மந்திரத்தால் வரும் அறைக்குள் தூக்கிக்கொண்டு போகலாமா?
(பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், தெம்பனிஸ்)

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம்.

முதலில் அந்தப் பை என்ன என்று பார்த்துவிடுவோம். நம் கதைகளில் உலவாக்கிழி என்று ஒரு பொற்கிழி வரும், எடுக்க எடுக்கக் குறையாது. இது அந்த மாதிரி இல்லை. போட்டதுதான் வரும், ஆனால் நிறையப் போடலாம். வாய் இரண்டு அடி அகலம், ஆழம் நான்கு அடி, உள்ளே 500 பவுண்டு வரை தாங்கும். ஐந்து கிலோ அரிசி மூட்டை நாற்பத்தைந்து. எவ்வளவு போட்டாலும் தோளில் இருப்பது 15 பவுண்டுதான், ஏழு கிலோகூட வராது. உள்ளே இருக்கும் இடம் இந்த உலகத்து இடமே இல்லை, அதனால்தான் இவ்வளவு கொள்கிறது.

ஹேண்டி ஹேவர்சாக்கும் அதே வகை. சுருட்டி மடித்து வைத்துக்கொள்ளும் போர்ட்டபிள் ஹோலும் அதே வகை. இவற்றில் ஒன்றை இன்னொன்றுக்குள் வைத்தால் இரண்டும் அந்தக் கணமே அழியும். வைத்த இடத்தில் ஆஸ்ட்ரல் பிளேன் என்ற வேற்றுலகத்துக்கு ஒரு வாசல் திறக்கும். பத்து அடிக்குள் நிற்பவர்கள் எல்லாரையும் அது உறிஞ்சி, அங்கே ஏதோ ஓரிடத்தில் எறிந்துவிட்டு மூடிக்கொள்ளும். ஒரு வழிப் பாதை, மறுபடி திறக்க முடியாது.

சில வருடங்களுக்கு முன் எங்கள் மேசையில் இது நடந்தது. உங்களைப் போல பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி. ஒன்றரை வருடம் அதே கேரக்டரை வளர்த்தவர், தேசிய சேவைக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை வந்தார். புதையலில் ஹேண்டி ஹேவர்சாக் கிடைத்தது. சுமையைக் குறைக்கலாம் என்று, பழைய பையை எடுத்துப் புதிய பைக்குள் வைப்பதாகச் சொன்னார். வேறு யாருக்கும் விதி தெரியாது. எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தைப் பிரித்து விளைவை மட்டும் வாசித்தேன். அவருடைய கேரக்டரும் பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் மறைந்தார்கள். யாரும் பேசவில்லை. மேசையில் தே தாரிக் ஆறிப்போனது. அவர் தன் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சரிக்கா" என்று மட்டும் சொன்னார்.

விதிப்படி நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. இருந்தாலும் அன்று நான் செய்தது தவறு. அவருடைய கேரக்டர் பத்தாண்டு மந்திரம் படித்தவர். அந்தப் பையை ஒன்றரை வருடம் தோளில் சுமந்தவர். அப்படிப்பட்டவருக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரியாதது எதிரே உட்கார்ந்திருந்த பதினெட்டு வயதுப் பிள்ளைக்குத்தான். கேரக்டருக்குத் தெரிந்திருக்கவேண்டியதை ஆட்டக்காரருக்குச் சொல்வது டிஎம்முடைய கடமை. ஒரு மருந்தைக் கையில் கொடுக்கும்போது இதை எதோடு சேர்த்துச் சாப்பிடக்கூடாது என்று நான் சொல்லாமல் அனுப்புவேனா? அன்று மேசையில் அதைத்தான் செய்தேன்.

கதையை நான் அங்கே விடவில்லை. முதல் சில வாரங்கள் கழித்து அவர் முகாமிலிருந்து புக் அவுட் ஆகி வந்தபோது, ஆஸ்ட்ரல் பிளேனிலிருந்து மூன்று பேரும் வழி தேடி வரும் கதையை எழுதி வைத்திருந்தேன். நான்கு அமர்வு ஓடியது, திரும்பி வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் மேசையில் ஒரு வழக்கம் வந்தது. பொருள் கிடைத்து, அது இன்னதென்று கேரக்டருக்குத் தெரிந்தவுடன், அதன் விதி முழுவதையும் ஓர் அட்டையில் தமிழில் எழுதிக் கொடுத்துவிடுவேன். சாபத்தை மட்டும் எழுதமாட்டேன், ஏனென்றால் பொருள் இன்னதென்று கண்டறியும் ஐடென்டிஃபை மந்திரத்துக்கே சாபம் பெரும்பாலும் தெரியாது.

மற்ற கேள்விகளுக்கு வருகிறேன். பேக் ஆஃப் ஹோல்டிங்குக்குள் இன்னொரு பேக் ஆஃப் ஹோல்டிங் வைத்தாலும் அதே கதிதான். விதியில் "இவை போன்ற பொருள்" என்று இருக்கிறது, அதே பொருளைவிட அதைப் போன்றது வேறென்ன? சாதாரணப் பெட்டி, கோணிப்பை, அலமாரி எதற்குள்ளும் தாராளமாக வைக்கலாம். ரோப் ட்ரிக் கொஞ்சம் நுணுக்கமானது. மூன்றாம் பதிப்பில் அந்த மந்திரத்தின் அடியிலேயே, இப்படிப்பட்ட இடத்துக்குள் இன்னொரு இப்படிப்பட்ட இடத்தைக் கொண்டுபோவது ஆபத்து என்று எழுதியிருந்தது. 2014 விதியில் அந்த வரி இல்லை. பையின் விதி பொருளைப் பற்றித்தான் பேசுகிறது, ரோப் ட்ரிக் பொருள் இல்லை, மந்திரம். ஆகவே நான் அனுமதிக்கிறேன். குழு முழுவதும் ஓய்வெடுக்க ஏறும் அறை அது. பைகளை வெளியே அவிழ்த்துப் போட்டுவிட்டு வா என்று சொல்வதில் ஆட்டத்துக்கு என்ன லாபம்?

கேள்வி: என் இரண்டு பையன்களுக்கும் இதே சண்டை. பழைய பொருளை விட்டுவிட்டுப் புதிய பொருளோடு பழக ஒரு மணி நேரம் போதும் என்கிறான் பெரியவன். சின்னவன் இரண்டு மணி நேரம் என்கிறான்.
(தாய், செங்காங்)

சின்னவர் சொல்வது சரி. மூன்று இடமும் நிரம்பியிருந்தால் நான்காவதோடு பழகும் முயற்சி தோற்கும். முதலில் ஒரு குட்டி ஓய்வு, ஒரு மணி நேரம், பழையதை விடுவதற்கு. அடுத்த குட்டி ஓய்வு புதியதோடு பழக. அந்த நேரத்தில் கவனம் அந்த ஒரு பொருளில் மட்டும் இருக்கவேண்டும். ஓர் இடம் காலியாக இருந்தால் பெரியவர் சொல்வதும் சரிதான், அப்போது ஒரு மணி நேரமே போதும். இருவரிடமும் இதைக் காட்டுங்கள்.

கேள்வி: என் பார்பேரியன் பெர்சர்கர் ஆக்ஸோடு பழகிவிட்டான். சாபம். கோடரியைக் கையை விட்டு விடமாட்டான். அவன் தூங்கும்போது தோழி அதை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓடிவிட்டால் சாபம் போகுமா?
(வாசகர், பாசிர் ரிஸ்)

அருமையான கேள்வி. என் முதல் பதில் தவறாக இருந்தது, அதனால் யோசித்த வழியையும் சொல்கிறேன்.

விதியில் மூன்று வரிகள் இதைத் தொடுகின்றன. ஒன்று, சாபம் உள்ள பொருளோடு உள்ள பழக்கத்தை நீங்களாக விரும்பி முடித்துக்கொள்ள முடியாது. இரண்டு, பொருள் உங்களிடமிருந்து 100 அடிக்கு மேல், ஏறக்குறைய 30 மீட்டர் தள்ளி, 24 மணி நேரம் இருந்தால் பழக்கம் தானாக அறுந்துவிடும். மூன்று, அந்தக் கோடரியோடு பழகியதும் சாபம் உங்கள்மேலும் பரவுகிறது. சாபம் இருக்கும்வரை அதைப் பிரிய மனம் வராது.

தோழி திருடுவது பார்பேரியனின் விருப்பம் இல்லை, எனவே முதல் வரி தடுக்காது. இரண்டாம் வரிப்படி மறுநாள் பழக்கம் அறும். கேள்வி மூன்றாம் வரியில்தான்: பழக்கம் அறுந்த பிறகும் சாபம் ஆள்மேல் ஒட்டிக்கொண்டிருக்குமா? இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ரிமூவ் கர்ஸ் மந்திரத்தைப் படித்தேன். சபிக்கப்பட்ட பொருள் என்றால், சாபம் பொருளில் அப்படியே இருக்கும், உடைமையாளரோடு உள்ள பழக்கத்தை மட்டும் மந்திரம் அறுக்கும், அதனால் அவர் அதைத் தூக்கி எறியலாம் என்று அதில் இருக்கிறது. அப்படியென்றால் சாபத்திலிருந்து மீளும் வழியே பழக்கம் அறுவதுதான். மந்திரம் அறுத்தால் என்ன, தோழி ஓடி அறுத்தால் என்ன? என் மேசையில் சாபம் போய்விடும் என்று தீர்ப்புச் சொல்வேன்.

ஆனால் அந்த 24 மணி நேரம் இருக்கிறதே, கதையில் அதைச் சொல்லாமல் தாண்டிவிடாதீர்கள். அதுவரை உங்கள் பார்பேரியன் சாபத்தில்தான் இருக்கிறான், விழித்ததும் கோடரியைத் தேடித்தான் கிளம்புவான். தோழி எங்கே ஒளிவாள், மற்றவர்கள் அவனை எப்படித் தடுப்பார்கள், தன்னைக் காப்பாற்றியவள்மேல் அவனுக்கு எவ்வளவு ஆத்திரம் வரும்? ஓர் அமர்வு முழுவதும் இதற்கே கொடுக்கலாம்.

கேள்வி: இம்மூவபிள் ராடை பேக் ஆஃப் ஹோல்டிங்குக்குள் வைத்துப் பொத்தானை அழுத்தினால் பை அந்தரத்தில் நிற்குமா?
(வாசகி, பொங்கோல்)

இதற்கு விதியில் பதில் இல்லை. தடியின் விதி, பொத்தானை அழுத்தினால் இருக்கும் இடத்தைவிட்டு நகராது, 8,000 பவுண்டு வரை தாங்கும் என்கிறது. பையின் விதி, உள்ளே இருப்பது வேறோர் இடம் என்கிறது. தடி எந்த இடத்தைப் பொறுத்து நகராது என்பதை இரண்டுமே சொல்லவில்லை.

நான் சொல்லும் தீர்ப்பு: தடி பைக்குள் இருக்கும் அந்த இடத்தில் நிற்கும். பையை வழக்கம்போல் தூக்கிக்கொண்டு நடக்கலாம். உள்ளே 500 பவுண்டு சாமான் குலுங்கினாலும் தடி அசையாது. ஆட்டம் தொடங்கும் முன்பே இதைச் சொல்லிவிடுவேன், யாராவது பையை ஆகாயத்தில் நிறுத்தி அதைப் பிடித்துத் தொங்கலாம் என்று நம்பிப் பள்ளத்தில் குதித்துவிடக்கூடாது.

எங்கள் குழுவில் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் பூட்டிய தடியை வெளியே எடுப்பது எப்படி என்றார். கைவிட்டு இழுத்தால் வராது, பொத்தான் எட்டாது. ஆள் உள்ளே போகவேண்டும். வாய் இரண்டு அடிதான், ஹாஃப்லிங் என்ற குள்ள இனத்தவர் ஒருவரால் நுழைய முடியும். தனியாகப் போனால் மூச்சுக்குப் பத்து நிமிடம், இன்னொருவரும் கூடப் போனால் ஆளுக்கு ஐந்து. எங்கள் ஹாஃப்லிங் தனியாகத்தான் போனார். இடுப்பில் கயிறு, வெளியே கிளரிக் அந்தக் கையுறையோடு கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.